67, 30, 3

மூன்றையும் கூட்டினால் சரியாக 100. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையான (ரிக்) டீப்வாட்டர் ஹொரைசன் 2010-ல் வெடித்த விபத்துக்கான பழியை 2014 செப்டம்பர் 4 அன்று நியூ ஆர்லியன்ஸ் ஃபெடரல் நீதிபதி கார்ல் பார்பியர் இப்படித்தான் பிரித்துக் கொடுத்தார். கிணற்றைத் தோண்டவைத்த பிபி எண்ணெய் நிறுவனத்துக்கு 67 சதவீதம். ரிக்கின் சொந்தக்காரரான டிரான்ஸ்ஓஷனுக்கு 30. சிமென்ட் போட்ட ஹாலிபர்ட்டனுக்கு 3. தீர்ப்பு 150 பக்கத்துக்கு மேல். அண்ணன் தம்பிகள் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினைப் பத்திரம்கூட இவ்வளவு கச்சிதமாக இருக்காது.

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். பிழைப்பு பிரஷர் கேஜும் டிரான்ஸ்மிட்டரும். அவை சரியான அளவைக் காட்டுகின்றனவா என்று பார்த்து, திருத்தி, சான்றிதழ் ஒட்டி அனுப்புகிற வேலை. வார இறுதியில் கராஜில் தோட்டா ரீலோடிங். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, மறுபடி வெடிமருந்து போட்டுக் குண்டு பொருத்துகிற பொழுதுபோக்கு. "உனக்கு எதுக்கு இந்த வம்பு" என்று அக்கா போனில் கேட்பது வழக்கம். விசாவில் இருந்த காலத்தில் துப்பாக்கி பக்கமே போகவில்லை. ஹெச்-1பி ஆட்கள் வைத்திருப்பதற்குத் தடை உண்டு. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் இருந்தாலும் அந்தச் சந்துகளில் நுழைந்து பார்க்க எனக்கு ஆசையில்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் எல்லாம்.

ரீலோடிங்கை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு லூசியானாக்காரர். வளைகுடா ரிக்குகளில் மட் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தோண்டும்போது கிணற்றுக்குள் இறக்குகிற சேற்றின் கனம், கெட்டித்தன்மை எல்லாம் இவர்கள் பொறுப்பு. மருந்தைத் தராசில் வைக்கும்போதும் அதே பழக்கம்தான். முள் நிற்கும்வரை மூச்சு விடமாட்டார். அவருக்கும் எனக்கும் ஒரு ஓயாத வாக்குவாதம் அந்த 30-ஐப் பற்றி. டிரான்ஸ்ஓஷனுக்கு 30 அதிகம் என்பார் அவர். எனக்கோ அந்தக் கணக்கு போட்ட விதத்திலேயே சமாதானமில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் தோட்டாவைப் பற்றிக் கொஞ்சம். ஒரு தோட்டாவில் நாலே பொருள்: பித்தளைக் கூடு, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, மேலே குண்டு. மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். கைத்துப்பாக்கித் தோட்டா பலவற்றுக்கு நாலைந்து கிரெய்னே போதும். கூட்டின் அடியில் அது கிடப்பதே தெரியாது. வம்பும் அங்கேதான். தெரியாமல் இரண்டு தடவை போட்டாலும் சில கூடுகளில் வழியாது, உள்ளேயே அடங்கிவிடும். போடாமலே விட்டாலும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மருந்தே இல்லாத தோட்டாவை ஸ்க்விப் என்பார்கள். அதைச் சுட்டால் பிரைமர் மட்டும் வெடிக்கும். "பொத்" என்று ஒரு சத்தம், கையில் உதைப்பு இருக்காது. குண்டு குழலுக்குப் பாதி வரை போய் அங்கேயே சிக்கிக்கொள்ளும். சிக்கியதால் மட்டும் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. அடுத்த குண்டை அதன் பின்னால் அனுப்பினால்தான் குழல் வீங்கும், அல்லது கிழியும், துரதிர்ஷ்டம் இருந்தால் விரல் போகும்.

இதற்காக ரீலோடிங் ஆட்களிடம் சில சட்டங்கள் உண்டு. எந்த அரசாங்கமும் போட்டதல்ல. மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். மருந்து போட்ட கூடுகளை மரப் பலகையின் குழிகளில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து, எல்லாவற்றின் வாயையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். மட்டம் ஒன்றில் மாறினாலும் கண் உடனே பிடித்துவிடும். எந்த மருந்து, எத்தனை கிரெய்ன், எந்தத் தேதி என்று பெட்டி மேல் எழுதி ஒட்ட வேண்டும். மருந்தின் உச்ச அளவு கையேட்டில் அச்சடித்திருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. முக்கியமாக, இன்னொருவர் செய்த தோட்டாவை உன் துப்பாக்கியில் போடாதே, உன்னுடையதை இன்னொருவருக்குக் கொடுக்காதே. துப்பாக்கிக் கம்பெனிகளும் தங்கள் கையேட்டில் ரீலோடு தோட்டா போட்டால் வாரண்டி கிடையாது என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். ஆக, செய்பவன், சரிபார்ப்பவன், சுடுபவன், அடிபட்டால் படுபவன் எல்லாம் ஒரே ஆள்.

பழி போட வேறு ஆளே இல்லாத தொழில் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், சுட்டுப் பழகும் ரேஞ்சில் பக்கத்து லேன்காரரின் ரிவால்வர் குழல் வீங்குகிற வரை.

நல்ல மனிதர், வயதானவர், நீண்ட கால ரீலோடர். வரிசையாகச் சுட்டுக்கொண்டிருந்தவரின் சத்தம் ஒன்று மட்டும் அடங்கி வந்தது. காது அடைப்பான் வழியாகவே எனக்கு வித்தியாசம் கேட்டது. அவர் துப்பாக்கியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார். மறுபடி நீட்டி அழுத்திவிட்டார். நல்ல வேளையாகக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. குழலின் நடுவில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு புடைப்பு.

அடுத்த அரை மணி நேரம் அங்கே நடந்ததை அப்படியே சொல்கிறேன். அவர் முதலில் பிரைமர் கம்பெனியைத் திட்டினார். தட்டுப்பாட்டுக் காலத்துச் சரக்கு, பலம் போதவில்லையாம். அப்புறம் மருந்து. செதில் செதிலான மருந்து அளவைக் குழாயில் பாலம் கட்டி நின்றிருக்கும், அதனால் அந்த ஒரு கூட்டுக்கு இறங்கியிருக்காது என்றார் இன்னொருவர். அதனால் அளவைக் கருவி செய்தவன் மேல் போனது. மூன்றாவது ஆள் அவருடைய புரோகிரசிவ் பிரஸ்ஸைச் சொன்னார். ஒரு கைப்பிடி இழுப்புக்கு நாலைந்து வேலை நடக்கும் எந்திரம் அது, நடுவில் சிக்கி, திரும்ப இழுத்தபோது ஒரு கூடு மருந்து நிலையத்தைத் தாண்டியிருக்கும். குழலின் இரும்பே சரியில்லை என்றும் ஒருவர் சொன்னார். இதில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பாலம் கட்டியிருக்கலாம். பிரஸ் சிக்கியிருக்கலாம். ரேஞ்ச் ஆபீசர் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சத்தம் மாறினதும் ஏன் நிறுத்தவில்லை?" என்று ஒன்று மட்டும் கேட்டார். "காது அடைப்பான் போட்டிருந்தேன், காத்து எதிர்ப்பக்கம் அடிச்சுது, அதனால சத்தம் கம்மியா கேட்டிருக்கும்னு நினைச்சேன்" என்கிற ரகத்தில் ஏதோ பதில் வந்தது.

சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. கேட்டதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்து, அடுத்த குண்டை அனுப்பிவிட்டார். எனக்கு அந்த நிமிஷம் டீப்வாட்டர் ஹொரைசன் தோண்டிய மக்கொண்டோ கிணறு ஞாபகம் வந்தது.

2010 ஏப்ரல் 20. லூசியானா கரையிலிருந்து சுமார் 40 மைல் தள்ளி, 5,000 அடி ஆழக் கடலுக்கு அடியில் 13,000 அடிக்கு மேல் இறங்கிய கிணறு. தோண்டி முடித்தாகிவிட்டது, மூடிவிட்டு ரிக் வேறு இடம் போக வேண்டும். வேலை ஆறு வாரம் பிந்தியிருந்தது. செலவு திட்டத்தைவிட 58 மில்லியன் டாலருக்கு மேல் தாண்டியிருந்தது. அன்று பிபி, டிரான்ஸ்ஓஷன் பெரிய அதிகாரிகள் ரிக்குக்கு வந்திருந்தார்கள். ஏழு வருடமாக வேலை நாள் இழக்கும்படியான விபத்து எதுவும் இல்லாததைப் பாராட்டுவதும் அந்த வருகையில் சேர்த்தி.

மூடுவதற்கு முன் ஒரு சோதனை. நெகட்டிவ் பிரஷர் டெஸ்ட். கிணற்றின் அடியில் போட்ட சிமென்ட் எண்ணெயையும் வாயுவையும் அடைத்து நிற்கிறதா என்று பார்க்க, மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும் கனமான சேற்றில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு லேசான கடல் நீரை விடுவார்கள். அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிக் குழாயை மூடினால் கேஜ் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். ஏறினால், கீழே ஏதோ தள்ளுகிறது. அவ்வளவுதான். இதில் வித்தை எதுவுமில்லை.

அன்று மாலை பூஜ்யத்துக்கு இறக்கினார்கள், ஏறியது. மறுபடி இறக்கினார்கள், மறுபடி ஏறியது. கடைசியில் டிரில் பைப்பில், அதாவது தோண்டும் குழாயில், 1,400 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு அழுத்தம்). கேஜ் தப்பாகக் காட்டுகிறது என்று என் தொழில்காரன் யாரையாவது கூப்பிட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேஜை யாரும் சந்தேகப்படவில்லை. அழுத்தம் நிஜம்தான், ஆனால் அது கிணற்றிலிருந்து வரவில்லை, கிணற்றையும் ரிக்கையும் இணைக்கும் ரைசர் குழாயில் மேலே இருக்கும் கனமான சேறு ரப்பர் வளையத்தின் வழியாக அழுத்துவதால் வருகிறது என்று ஒரு விளக்கம் வந்தது. அதற்கு 'பிளாடர் எஃபெக்ட்' என்று பெயரும் இருந்தது. பின்னால் விசாரித்த நிபுணர்கள் அப்படியொரு விளைவு இந்த 1,400-ஐ உண்டாக்கியிருக்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். அன்றிரவு அதை எடுத்து எறிய ஆளில்லை.

பிறகு சோதனையை கில் லைன் என்ற பக்கக் குழாய்க்கு மாற்றினார்கள். அங்கே பூஜ்யம். அரை மணி நேரம் திறந்து வைத்தும் ஒன்றும் வரவில்லை. டிரில் பைப்போ அதே 1,400-ல். இரண்டு குழாயும் கீழே ஒரே இடத்தில் சேர்பவை. இரண்டும் ஒரே கதையைச் சொல்லியாக வேண்டும். ஒன்று 1,400, இன்னொன்று பூஜ்யம் என்றால் ஒன்று அடைத்திருக்கிறது என்று பொருள். அடைக்கக்கூடிய சரக்கும் அங்கே இருந்தது. சேறு கசிவதை நிறுத்துவதற்காகக் கலக்கி வைத்து மீந்துபோன பிசின் மாதிரிப் பொருள் 400 பீப்பாய்க்கு மேல். கரைக்குக் கொண்டுபோய்க் கழிவாகக் கையாளும் தொல்லையை மிச்சப்படுத்த அதையே சேற்றுக்கும் கடல் நீருக்கும் நடுவில் இடைப்பொருளாக விட்டிருந்தார்கள். என் லூசியானாப் பெரியவர் மட் இன்ஜினியர் என்பதால் இந்த இடம் வந்தாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அதை நான் இங்கே எழுதக்கூடிய வார்த்தையில் அவர் சொல்வதில்லை.

இரவு எட்டு மணி வாக்கில் சோதனை வெற்றி என்று முடிவாயிற்று.

8.52-க்கு ரிக்கிலிருந்த பிபி தள மேலாளர் ஹூஸ்டனில் இருந்த இன்ஜினியரிடம் போனில் பேசினார். சோதனை விவரம் வந்தது. ஒரு குழாயில் அழுத்தம், இன்னொன்றில் பூஜ்யம் என்றால் அது சரியான சோதனையாக இருக்க முடியாதே என்று ஹூஸ்டன் ஆள் சொல்லியிருக்கிறார். எனக்குத் திருப்தி என்றார் ரிக்கில் இருந்தவர். பேச்சு அத்தோடு நின்றது. கணினிப் பதிவை வைத்துப் பின்னால் கணக்குப் போட்டவர்கள், ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் எண்ணெயும் வாயுவும் கிணற்றுக்குள் நுழையத் தொடங்கின என்கிறார்கள். நீதிபதி பார்பியர் பிபி மேல் 'பெரும் அலட்சியம்' என்று தீர்ப்பெழுதியதில் இந்த போன் பேச்சுக்குக் கனமான இடம் உண்டு.

9.49-க்கு முதல் வெடிப்பு. 126 பேர் இருந்த ரிக்கில் 11 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் ரிக் மூழ்கியது. கிணறு 87 நாள் ஓடியது.

இதற்கப்புறம் நடந்தது ரேஞ்சில் நடந்ததன் பெரிய பதிப்பு. மே 11-ஆம் தேதி செனட் விசாரணையில் மூன்று கம்பெனி ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கிணறு பீறிட்டால் அடைக்க வேண்டிய பிளோஅவுட் பிரிவென்டர் டிரான்ஸ்ஓஷனுடையது, அது மூடவில்லை என்றது பிபி. கிணறு ஆரம்பம் முதல் முடிவு வரை ஆபரேட்டரான பிபியின் பொறுப்பு என்றது டிரான்ஸ்ஓஷன். ஆபரேட்டர் கொடுத்த திட்டப்படிதான் சிமென்ட் போட்டோம் என்றது ஹாலிபர்ட்டன். ஒபாமாவே எரிச்சலாகி, கேலிக்கூத்து என்கிற அளவுக்குச் சாடினார்.

ஹாலிபர்ட்டன் கதையில் ஒரு திருகல் உண்டு. குழாயை நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசர்கள் 21 வேண்டும் என்று அவர்கள் கணக்குச் சொல்லியது, பிபி 6-தான் போட்டது. விபத்துக்குப் பிறகு அதை வைத்தே பிபியைக் குற்றம் சொன்னார்கள். அப்புறம் தாங்களே கணினியில் 6-ஐயும் 21-ஐயும் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெரிய வித்தியாசம் வரவில்லை. அந்தக் கோப்பை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். 2013-ல் சாட்சியத்தை அழித்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அபராதம் 2 லட்சம் டாலர். ஆமாம், லட்சம்தான், கோடி இல்லை.

இவ்வளவு நாடகத்துக்கும் அவசியமே இல்லை. பழியை அவர்கள் தோண்டுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் பிரித்துவிட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேலே, ரிக்கிலிருந்து கொட்டுகிற எண்ணெய் டிரான்ஸ்ஓஷன் கணக்கு. கீழே, கிணற்றிலிருந்து வருவது பிபி கணக்கு. அடுத்தவன் அலட்சியத்தால் வந்தாலும் சரி. 2012-ல் இதே நீதிபதி பார்பியர், கசிவால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டு விஷயத்தில் அந்த ஒப்பந்தம் செல்லும் என்றார். தண்டனைத் தொகைக்கும் அபராதத்துக்கும் மட்டும் செல்லாது. இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. யார் பணம் கட்டுவது என்பதை மயிரிழை சுத்தமாக எழுதி வைத்த மூன்று கம்பெனிகள், நெகட்டிவ் டெஸ்டில் கேஜ் எவ்வளவு காட்டினால் தோல்வி என்பதை ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும் என்று அப்போது அரசாங்க விதியும் கிடையாது. செய்யும் முறையும் கிடையாது.

பிளோஅவுட் பிரிவென்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து மாடி உயர எந்திரம், எல்லாம் கைவிட்டால் குழாயையே வெட்டி மூடுவதற்கு. எங்கள் பிரஸ்ஸிலும் மருந்து அளவு தப்பினால் கைப்பிடியைப் பூட்டிக்கொள்ளும் 'டை' என்ற ஒரு பாகம் கிடைக்கிறது. நானும் போட்டிருக்கிறேன். பெரியவர் போடமாட்டார். அது இருக்கிறதே என்ற தைரியத்தில் கூட்டுக்குள் எட்டிப் பார்க்க மறந்துவிடுவாய் என்பார். மக்கொண்டோவில் அமெரிக்க கெமிக்கல் சேஃப்டி போர்டு 2014-ல் சொன்னது இன்னும் விநோதம். அவசரக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒன்றில் ஒயர் தப்பாக இணைத்திருந்தது, இன்னொன்றில் பேட்டரி செத்திருந்தது. அப்படியும் வெட்டுக்கத்தி அன்றிரவு நகர்ந்திருக்கிறது. ஆனால் உள்ளே அழுத்தத்தில் குழாய் வளைந்து நடுவிலிருந்து விலகி நின்றதால், மூடுவதற்குப் பதில் அதைக் குத்திக் கிழித்துவிட்டது. செய்து கொடுத்த கேமரான் கம்பெனிக்கு பார்பியர் சதவீதம் எதுவும் போடவில்லை. அந்த எந்திரத்தைப் பராமரித்தது டிரான்ஸ்ஓஷன். நம்ம பெரியவர் 30 அதிகம் என்று சொல்லும்போதெல்லாம் நான் அந்தச் செத்த பேட்டரியைச் சொல்வேன்.

அவர் பதிலுக்குச் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 'பிளாடர் எஃபெக்ட்' விளக்கத்தைச் சொன்னது ஒரு டிரான்ஸ்ஓஷன் டூல்புஷர் (தோண்டும் ஆட்களின் மேற்பார்வையாளர்) என்பது உயிர் பிழைத்த பிபி ஆட்கள் தரப்பில் வந்த தகவல். அந்த டூல்புஷர் இறந்த 11 பேரில் ஒருவர். எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதவர் தலையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பார் பெரியவர். இதை அவர் குரலை உயர்த்தாமல் சொல்வார். அந்த நேரம் நானும் வாதாடுவதில்லை.

பணக் கணக்கு வேறு தனியாக ஓடியது. சுத்தத் தண்ணீர்ச் சட்டப்படி சாதாரண அலட்சியம் என்றால் பீப்பாய்க்கு 1,100 டாலர் வரை, பெரும் அலட்சியம் என்றால் 4,300 வரை. அதனால்தான் இரண்டு சண்டை: எத்தனை பீப்பாய், எந்த வகை அலட்சியம். கடலில் கலந்தது 42 லட்சம் பீப்பாய் என்றது அரசு. 24.5 லட்சம் என்றது பிபி. 31.9 லட்சம் என்று முடித்தார் பார்பியர். பெருக்கினால் 1,370 கோடி டாலர் வரை போயிருக்கலாம். கடைசியில் சமரசத்தில் அந்த அபராதம் 550 கோடியில் நின்றது. எல்லாத் தலைப்பும் சேர்த்து சமரசம் 2,080 கோடி. சிறைக்கு யாரும் போகவில்லை. பிபி கம்பெனியாக 11 மரணங்களுக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ரிக்கிலிருந்த இரண்டு தள மேலாளர்கள் மேல் போட்ட மரணக் குற்றச்சாட்டுகளை அரசே கைவிட்டது. ஒருவர் சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 மாத நன்னடத்தைக் காவலோடு வெளியே வந்தார், இன்னொருவரை ஜூரி விடுவித்தது.

ஒற்றை ஆள் தலையில் கட்டுவதும் எனக்கு ஒத்துவராது. 1989 மார்ச் 24-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறி 1 கோடியே 10 லட்சம் கேலன் எண்ணெய் கொட்டியது. இன்றைக்கும் கேட்டால் "குடிகார கேப்டன்" என்பார்கள். போதையில் கப்பல் ஓட்டிய குற்றத்திலிருந்து ஜூரி அவரை விடுவித்தது. எண்ணெய் கொட்டிய அலட்சியத்துக்கு மட்டும்தான் தண்டனை. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கப்பலைத் திருப்பாமல் விட்ட களைத்துப்போன மூன்றாம் அதிகாரி, கண்காணிக்காத கேப்டன், ஓய்வில்லாத ஆட்களை அனுப்பிய எக்ஸான், சரியாகக் கவனிக்காத கடலோரக் காவல்படை என்று அடுக்கியது. ஜனங்களுக்கு கேப்டன் போதும். எக்ஸானுக்கும் அது சௌகரியம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

2017 ஜனவரியில் எண்ணூரில் இரண்டு கப்பல் மோதியபோது அக்கா திருவொற்றியூரிலிருந்து போட்டோ அனுப்பினாள். கறுப்புக் கூழை இளைஞர்கள் பிளாஸ்டிக் வாளியில் அள்ளுகிறார்கள். துறைமுகம் முதலில் எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றுதான் அறிக்கை விட்டது. யார் தப்பு என்று பேசுவதற்கு முந்தைய கட்டத்திலேயே நம்ம ஊர் நின்றுவிடுகிறது, நடந்ததா இல்லையா என்ற கட்டத்தில். அந்த வகையில் 67, 30, 3 என்று எழுதுகிற நீதிமன்றம் இருப்பது எவ்வளவோ மேல். அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சதவீதம் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. ரேஞ்ச் ஆபீசர் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்தப் பதில் வேறொரு காகிதத்தில், பழியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத காகிதத்தில் இருக்கிறது. 2010 அக்டோபரில் வந்த புதுத் தோண்டுதல் விதிகளில் நெகட்டிவ் பிரஷர் டெஸ்ட் கட்டாயமானது. எந்த அளவு வந்தால் சோதனை தேறியது என்பதை, தோண்ட அனுமதி கேட்கிற விண்ணப்பத்தோடே எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது ரிக் அந்த இடத்துக்குப் போவதற்கு முன்பே. ராத்திரி எட்டு மணிக்கு, நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலர் ஓடிக்கொண்டிருக்கும்போது, நாலு பேர் சுற்றி நின்று கேஜுக்கு விளக்கம் தேடுவதற்கு இடம் வைக்காமல்.

பெரியவரிடம் இந்த விதியைச் சொன்னேன். கூட்டுக்குள் டார்ச் அடித்துக்கொண்டே, எங்க கையேட்டுல உச்ச அளவை அச்சடிச்சு எத்தனை காலமாச்சு தெரியுமா, எண்ணெய்க்காரங்களுக்கு ஏன் இவ்வளவு நாள் ஆச்சு என்றார். அதற்கப்புறமும் 30 அதிகம்தான் என்கிறார்.